பாட்டியின் அலமாரியில் கிடைத்த எம்.எஸ். இசைத்தட்டு: பேசுகிறவர் யார், பாடுகிறவர் யார்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரில் தோ பாயோவில் பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது, அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) இசைத்தட்டு கிடைத்திருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது. ஒரு பக்கம் விஷ்ணு சஹஸ்ரநாமம், மறுபக்கம் பஜகோவிந்தம். நண்பர் வீட்டில் போட்டுக் கேட்டபோது, பஜகோவிந்தப் பக்கத்தில் பாட்டுக்கு முன்னால் ஒரு முதியவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். அவர் யார் என்பது உங்கள் முதல் கேள்வி. இந்த அம்மா சினிமா நடிகை என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அத்தையோ, "சாமி பாட்டு பாடுறவங்களைப் போய் நடிகைன்னு சொல்றியே" என்று கோபித்துக்கொண்டார். இதில் யார் சொன்னது சரி என்பது இரண்டாவது கேள்வி. சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் பக்கம் காலையில் கேட்பதும் இதே தட்டா என்பது மூன்றாவது. கடைசியாக, இதற்கு விலை ஏதும் உண்டா, இல்லை பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரரிடம் கொடுத்துவிடலாமா என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. பாட்டி இதை ஏன் இத்தனை வருடம் புடவைக்கு நடுவில் வைத்திருந்தார் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. சிறுவயதில் இங்கேதான் எட்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றேன். மேடையேறும் அளவுக்கு வரவில்லை, ஆனால் காது பழகிவிட்டது. அப்புறம் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவரும் பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். நீங்கள் சொல்லும் இந்தத் தட்டு என் கையில் பல முறை சுற்றியிருக்கிறது. நான் வரலாற்று ஆசிரியன் இல்லை, சமஸ்கிருதப் பண்டிதனும் இல்லை. ஒலியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். சுலோகங்களின் பொருளில் ஐயம் வந்தால் கோயில் பட்டரிடம் கேளுங்கள்.

பேசுகிற முதியவர் ராஜாஜி. சி. ராஜகோபாலாச்சாரி, சுதந்திர இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர், ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதியவர். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இந்தத் தட்டு 1970ஐ ஒட்டி எச்.எம்.வி. என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. ராஜாஜி பிறந்தது 1878இல், மறைந்தது 1972 டிசம்பரில். ஆகவே நீங்கள் கேட்டது தொண்ணூறை எட்டிய ஒருவரின் குரல். அதனால்தான் அவ்வளவு நிதானம், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. அவர் சொல்வதன் சாரம் இது: ஞானமும் பக்தியும் வேறு வேறு அல்ல, அறிவு முற்றிக் கனிந்தால் அதுதான் பக்தி. ஞானக் கடலையே உள்ளங்கை நீர்போல எளிதாகப் பருகிய சங்கரர், அதே கையால் பஜகோவிந்தம் போன்ற பக்திப் பாடலும் எழுதினார் என்றால், இரண்டும் ஒன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்கிறார்.

ஏன் ஆங்கிலத்தில் பேசுகிறார் என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை, என் ஊகத்தைச் சொல்கிறேன். இந்தத் தட்டு தமிழ்நாட்டுக்கு மட்டும் போகவில்லை. வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் போனது, கடல் கடந்து பினாங்குக்கும் இங்கேயும் வந்தது. பாட்டு சமஸ்கிருதம், கேட்பவரின் வீட்டு மொழி எதுவாகவும் இருக்கலாம். எல்லாருக்கும் பொதுவான ஒரு வாசல் தேவைப்பட்டிருக்கும். இன்றைக்கு சமஸ்கிருதம் தெரியாத, பள்ளியில் ஆங்கிலத்தில் படித்த நீங்கள் அந்தக் குரலைக் கேட்டு நின்று "இவர் யார்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

இனி நடிகையா இல்லையா என்ற சண்டைக்கு வருகிறேன். பாட்டி சொன்னது சரி. எம்.எஸ். தமிழில் நான்கு படங்களில் நடித்தார். 1938இல் கே. சுப்ரமணியம் இயக்கிய சேவாசதனம் முதல் படம். பிரேம்சந்தின் நாவலிலிருந்து எடுத்த கதை, வயதான ஒருவருக்குக் கட்டிவைக்கப்பட்ட இளம்பெண்ணின் துயரம். அடுத்து 1940இல் சகுந்தலை. துஷ்யந்தனாக நடித்தவர் சங்கீத உலகின் பெரும் வித்துவான் ஜி.என். பாலசுப்ரமணியம், இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். 1941இல் சாவித்திரி. அதில் அவர் சாவித்திரி இல்லை, நாரதர்! பெண் ஒருவர் ஆண் வேடம் கட்டிப் பாடினார். அதற்குக் கிடைத்த பணம் கல்கி பத்திரிகையைத் தொடங்க உதவியது. அவருடைய கணவர் சதாசிவமும் எழுத்தாளர் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து நடத்திய பத்திரிகை அது. நான்காவது மீரா. 1945 தீபாவளிக்கு வந்தது, மறுபடியும் டங்கன் இயக்கம், எஸ்.வி. வெங்கட்ராமன் இசை. 'காற்றினிலே வரும் கீதம்' அந்தப் படத்துப் பாட்டு, எழுதியவர் கல்கி. 1947இல் இந்தி மீராவும் வந்தது. அதோடு சினிமாவை விட்டார், திரும்பவே இல்லை.

உங்கள் அத்தையின் கோபமும் எனக்குப் புரிகிறது. அவர் பார்த்த எம்.எஸ். வேறு: நெற்றியில் பெரிய குங்குமம், மூக்கின் இரு பக்கமும் வைரம், கண்ணை மூடிய பாவம், கைகூப்பிய படம். அந்த முகத்தோடு சினிமா என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பக்தை உருவம் மக்கள் மனதில் பதிந்த இடமே சினிமாதான் என்பது என் துணிபு. மீரா வருவதற்கு முன்னால் அவர் கச்சேரிப் பாடகி, சினிமா நாயகி. மீராவுக்குப் பிறகு ஊருக்கு அவரே மீரா ஆகிவிட்டார். வடக்கே, கர்நாடக இசை என்றால் என்னவென்றே அறியாத ஊர்களிலும் அவரைப் பஜன் பாடும் மீராவாகத்தான் தெரிந்துகொண்டார்கள். காந்தி கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு மீரா பஜனைப் பாடிப் பதிவுசெய்து அனுப்பினார். 1948 ஜனவரியில் காந்தி கொல்லப்பட்ட செய்தியை அடுத்து வானொலியில் ஒலித்தது அந்தப் பதிவுதான்.

இங்கே ஒரு சிறு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தி மீரா படத்தின் தொடக்கத்தில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை மக்களுக்கு அறிமுகப்படுத்துகிறார். இருபத்து சொச்சம் வருடம் கழித்து, உங்கள் தட்டின் தொடக்கத்தில் ராஜாஜி பேசுகிறார். முதலில் நாடறிந்த ஒருவர் பேசுவார், பிறகு எம்.எஸ். பாடுவார். இரண்டு இடத்திலும் ஒரே அமைப்பு. இதற்குப் பின்னால் சதாசிவத்தின் கை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவர் ஆனந்த விகடனில் விளம்பரப் பிரிவைப் பார்த்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், ராஜாஜியின் தொண்டர். ஒரு கலைஞரை மக்கள் முன் எப்படி நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர். எம்.எஸ். எதைப் பாட வேண்டும், எங்கே பாட வேண்டும், எந்த வரிசையில் பாட வேண்டும் என்பது வரை அவர் முடிவு செய்தார் என்பது எல்லாரும் அறிந்ததே. இதைச் சிலர் குறையாகப் பேசுவார்கள். அந்தத் திட்டமிடல் இல்லாமல் இப்படியொரு தட்டு வந்திருக்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உங்கள் தட்டில் எம்.எஸ். தனியாகப் பாடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கூடவே இன்னொரு பெண்குரல் ஒட்டிக்கொண்டே வரும். அது ராதா விஸ்வநாதன், சதாசிவத்தின் முதல் மனைவியின் மகள். எம்.எஸ். அவரைத் தன் மகளாகவே வளர்த்தார். சகுந்தலை படத்தில் குழந்தை பரதனாக நடித்ததும், மீராவில் சிறுமி மீராவாக வந்ததும் இதே ராதாதான். 1945இல் திரையில் சிறுமி மீராவையும் வளர்ந்த மீராவையும் பார்த்தவர்கள், இருபத்தைந்து வருடம் கழித்து அதே இருவரையும் ஒரே தட்டில் கேட்டிருக்கிறார்கள். உங்கள் பாட்டி அந்தப் படத்தை எங்கே பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நடிகை என்று அவர் சொன்னதில் குறை சொல்லும் எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தன் வயதில் திரையில் பார்த்து உருகிய ஒருவரைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள்.

எம்.எஸ்.ஸின் வாழ்க்கையைச் சொல்லும்போது பலர் மேடையிலிருந்து தொடங்குவார்கள். நான் மைக்கிலிருந்து தொடங்குவேன், என் தொழில் அது என்பதால். 1916 செப்டம்பர் 16 மதுரையில் பிறந்தார். தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். பத்து வயதுவாக்கில், அம்மாவின் வீணையோடு முதல் கிராமபோன் தட்டுப் பாடிவிட்டார். அந்தக் காலத்து அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் பாட்டு முடிய வேண்டும், சுருதி விலகக் கூடாது, பிசகினால் முதலிலிருந்து பாட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது எப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடம் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு சினிமாப் பதிவு, வானொலி, கடைசியில் எல்.பி. ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் மாற மாற, அவரும் கூடவே வளர்ந்தார். உங்கள் கையில் இருக்கும் தட்டுக்கு முன்னால் ஏறத்தாழ 45 வருட மைக் அனுபவம் நிற்கிறது.

அந்த அனுபவம் தட்டில் எங்கே கேட்கிறது என்றால், எதைச் செய்யவில்லை என்பதில் கேட்கிறது. விஷ்ணு சஹஸ்ரநாமம் மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தில் பீஷ்மர் தருமருக்குச் சொல்வது. ஆயிரம் பெயர்கள். ஒரு சிறிய மெட்டு, அது திரும்பத் திரும்ப வருகிறது. எம்.எஸ்.ஸிடம் பிருகா என்ற வேகமான குரல் சுழற்சி இருந்தது, மேல்ஸ்தாயியில் நின்று விளையாடும் வல்லமை இருந்தது, சங்கராபரணம், காம்போதி போன்ற ராகத்தை அரைமணி நேரம் விரித்துப் பாடுவார். இங்கே அதில் ஒன்றையும் காட்டவில்லை. பெயரைச் சொல்கிறார், அடுத்த பெயருக்குப் போகிறார். கேட்பவர் கூடவே சொல்ல வேண்டும் என்பதற்காகப் பாடியது இது. ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் சங்கதி போட்டிருந்தால், உங்கள் பாட்டியால் கூடவே சொல்லியிருக்க முடியாது.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமஸ்கிருதத்தில் க-வுக்கு நான்கு ஒலி, ச-வுக்கும் ட-வுக்கும் அப்படியே. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லை. அதனால்தான் கோயில் கடைகளில் விற்கும் சுலோகப் புத்தகங்களில் எழுத்துக்கு மேலே 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். பாட்டியின் பொருட்களில் அப்படியொரு சிறு புத்தகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். எம்.எஸ். தமிழ் வீட்டில் வளர்ந்தவர், முறையான பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஒவ்வொரு மொழிக்கும் அந்தந்த மொழி தெரிந்தவர்களிடம் உட்கார்ந்து ஒலியைத் திருத்திக்கொண்டுதான் பாடுவார். அதன் பலனை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தட்டைக் கணினிக்கு மாற்றும்போது ஒலி அலையாகத் திரையில் தெரியும். 'ஷ', 'ஸ' போன்ற சீறும் ஒலிகள் கூரிய முள்போல நிற்கும். இருவர் சேர்ந்து பாடினால் சாதாரணமாக அந்த முள் இரண்டாகப் பிரிந்து தெரியும், ஒருவர் முந்துவார், மற்றவர் பிந்துவார். இந்தத் தட்டில் அப்படிப் பிரிந்து நான் பார்த்த இடங்கள் மிகக் குறைவு. அம்மாவும் மகளும் அந்த அளவுக்கு ஒன்றாகப் பழகியிருக்கிறார்கள்.

பஜகோவிந்தம் பக்கம் வேறு மாதிரி. அங்கே ராகம் உண்டு, யமுனா கல்யாணியில் தொடங்கி, ராகம் மாறி மாறி ராகமாலிகையாகப் போகிறது. ஆனால் முழு நூலையும் பாடவில்லை, முப்பதுக்கும் மேற்பட்ட சுலோகங்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சொத்தை, ஆள்பலத்தை, இளமையை நம்பிக் கர்வப்படாதே, காலன் ஒரு நொடியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான் என்ற சுலோகம் உண்டு. மறுபடி பிறப்பு, மறுபடி இறப்பு என்று வரும் சுலோகம் உண்டு, அங்கே அவர் குரல் கெஞ்சும். அப்புறம் 'கேயம் கீதா நாம சஹஸ்ரம்' என்று ஒரு வரி வரும், கீதையையும் ஆயிரம் நாமங்களையும் பாடு என்று பொருள். அந்த ஆயிரம் நாமம் தட்டின் மறுபக்கத்தில்தான் இருக்கிறது! ஒரு பக்கம் பாடச் சொல்கிறது, மறுபக்கம் அதைப் பாடியே காட்டுகிறது. இதை யோசித்துத்தான் இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்தார்களா என்று எனக்கு எந்தச் சான்றும் கிடைத்ததில்லை. ஆனால் ஒரு மாலை வேலைக்கு நடுவில் தட்டைத் திருப்பிப் போட்டபோது இது எனக்குப் பிடிபட்டது, அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

பெருமாள் கோயில் பக்கம் காலையில் கேட்பது வேறு தட்டு. அது வெங்கடேச சுப்ரபாதம், 1963இல் வந்த எல்.பி. 'கௌசல்யா சுப்ரஜா' என்று தொடங்கும். குரல் அதே எம்.எஸ்., கூடப் பாடுவதும் ராதாதான், அதனால் குழப்பம் வருவது இயல்பு. திருப்பதிக்குப் போகாதவர்களின் வீட்டுக்கும் திருப்பதியின் விடியலைக் கொண்டுவந்தது அந்தத் தட்டு. உங்களுடையது அதற்கு ஏழெட்டு வருடம் இளையது. பிறகு 1970களின் கடைசியில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்காக பாலாஜி பஞ்சரத்ன மாலை என்று ஐந்து எல்.பி. கொண்ட தொகுப்பைப் பாடினார். அதில் அன்னமாச்சாரியா கீர்த்தனைகள் நிறைய. இப்படிப் பல தட்டுகளின் உரிமத்தொகையைக் கோயில்களுக்கும் அறப்பணிகளுக்கும் எழுதிவைத்துவிட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாம் எளிதில் கிடைக்கும் தகவல். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1968இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1974இல் மகசேசே விருது, 1998இல் பாரத ரத்னா, இசைத்துறையிலிருந்து அதைப் பெற்ற முதல்வரும் அவரே. 1997இல் சதாசிவம் மறைந்த பிறகு மேடைக்கச்சேரியை நிறுத்திக்கொண்டார். 2004 டிசம்பர் 11 அன்று காலமானார். நேரு அவரிடம், இசையரசியின் முன்னால் நான் வெறும் பிரதமர்தானே என்று சொன்னதாக ஒரு வாசகம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது, நீங்களும் அதை மேற்கோள் காட்டியிருந்தீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் இடத்தோடும் நாளோடும் சேர்த்து அதை எனக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை. அதனால் விருதுகளை வைக்கும் வரிசையில் நான் அதை வைக்க மாட்டேன்.

இப்போது தட்டுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் பின்னட்டையின் மூலையில் பால்பாயிண்ட் பேனாவால் '1974 தீபாவளி' என்று எழுதியிருப்பது தெரிகிறது. அது பெரிய விஷயம். இந்தத் தட்டை எச்.எம்.வி. பல வருடம் திரும்பத் திரும்ப அச்சடித்தது, அட்டையை மட்டும் பார்த்து எப்போது அடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டியின் கையெழுத்து இருப்பதால், 1974 தீபாவளிக்குள் அடித்தது என்பது உறுதியாகிறது. தட்டின் நடுவிலுள்ள தாளில் எண்ணைப் பாருங்கள். ஈ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. கல்கத்தா டம் டம் ஆலையில் அடித்த தட்டாக இருக்க வேண்டும். இங்கே எப்படி வந்தது என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் வாங்கியிருக்கலாம். அந்த நாளில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஓடிய ரஜுலா கப்பலிலோ, அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பலிலோ யாராவது துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருக்கலாம். என்னிடம் வரும் தட்டுகளில் பாதிக்குப் பாதி அப்படி வந்தவை. அத்தையிடம் கேளுங்கள். நடிகை சண்டையை ஆறவிட்டுவிட்டு, தீபாவளிக்கு யார் வாங்கிக்கொடுத்தது என்று மட்டும் கேளுங்கள்.

பணமாகப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நிறைய விற்ற தட்டு, இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. அபூர்வமான தட்டு தேடுகிறவர்கள் இதற்காக வரமாட்டார்கள். கராங் குனிக்குப் போட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். ஒருவேளை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், பாட்டு கற்கும் பிள்ளை யாருக்காவது கொடுங்கள்.

நண்பர் வீட்டில் கேட்டபோது சஹஸ்ரநாமப் பக்கம் சத்தம் குறைவாகவும் 'சட்சட்' ஓசையோடும் இருந்தது, தட்டு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெட்டிருக்க வேண்டியதில்லை. எல்.பி. ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம் இருந்தால் நல்ல அழுத்தமாகப் பதியலாம். சஹஸ்ரநாமம் அரைமணியை நெருங்குகிறது. அத்தனையையும் ஒரே பக்கத்தில் அடக்க வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அப்படி நெருக்கினால் ஒலியின் அளவைக் குறைத்தாக வேண்டும். ஒலி குறைவாக இருப்பதால் தூசியின் சத்தம் பெரிதாகத் தெரிகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளைப் பூஞ்சையும் பிடிக்கும். சாய்வான வெளிச்சத்தில் தட்டைப் பிடித்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் தெரிந்தால் பூஞ்சைதான். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, பள்ளத்தின் வட்டத்தோடு சேர்த்துத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் மறுபடி துடைத்து நிழலில் காயவிடுங்கள். நடுவிலுள்ள தாள் நனையக் கூடாது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டும் இருந்தால் அதில் எக்காரணம் கொண்டும் ஸ்பிரிட் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். என் அம்மாவின் தட்டு ஒன்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் அப்படித்தான் பாழாக்கினார்கள். அவருடைய தாத்தா வாங்கியது அது, இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பிளேயர் வாங்குவதாக இருந்தால், பெட்டி வடிவில் மலிவாக வருகிறதே, அதை வாங்காதீர்கள். ஊசியின் எடை அதிகம், பள்ளத்தைச் சுரண்டும். இரண்டு கிராமை ஒட்டி எடையைச் சரிசெய்யக்கூடிய பிளேயராகப் பாருங்கள். கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்பி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, வாங்காவிட்டாலும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். தட்டை நிமிர்த்தி வையுங்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள், மாலை வெயில் விழும் ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரப்பதம் உறிஞ்சும் அலமாரி இருந்தால் இன்னும் நல்லது.

புதுப் பிளேயரில் முதலில் பஜகோவிந்தப் பக்கத்தைப் போடுங்கள். பிளேயரின் வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ராஜாஜியின் பேச்சைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பாட்டு கொஞ்சம் வேகமாக ஓடினால் சுருதி கூடியிருக்கிறது என்று காது சமாதானம் செய்துகொள்ளும். பேச்சில் அது நடக்காது. தொண்ணூறு வயதுக்காரர் எழுபது வயதுக்காரர்போல அவசரமாகப் பேசினால் வேகம் கூடுதல் என்று பொருள், திருகைக் கொஞ்சம் குறையுங்கள். அவர் தன் நிதானத்துக்கு வந்துவிட்டால், அடுத்து வரும் எம்.எஸ்.ஸின் சுருதியும் தன் இடத்துக்கு வந்திருக்கும். இன்னொன்று: அட்டை கிழிகிறது என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். சூடு பட்டால் அந்த பால்பாயிண்ட் மை பரவிவிடும். மென்மையான பிளாஸ்டிக் உறை வாங்கிப் போடுங்கள், அந்தத் தேதி வெளியே தெரியும்படி.